நான்கு பேரும் ஒரு கையெழுத்தும்

க்ரீடன்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவல் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு ஏன் உடைந்தது என்று கேட்டால், அண்ணனுக்கும் தம்பிக்கும் ஆகவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆகவில்லை என்பது உண்மை. ஆனால் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோன குடும்பம் எந்த ஊரில் இல்லை? அவர்களில் யாரும் தாங்கள் எழுதிய பாட்டையே பதினைந்து ஆண்டு பாடாமல் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை. உன் பாட்டை நீயே திருடிவிட்டாய் என்ற வழக்கில் கூண்டேறியதும் இல்லை. இந்தக் குழுவின் நால்வரும் பிற்காலத்தில் என்ன ஆனார்கள் என்று தேடிப் போனால், எந்தத் திருப்பத்தில் நின்று பார்த்தாலும் ஒரு தாள் கண்ணில் படுகிறது. இருபதுகளில் இருந்த இளைஞர்கள் 1968 ஜனவரியில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அது. சண்டை எல்லா வீட்டிலும் இருப்பதுதான். இந்த வீட்டில் அதைத் தீராத பங்காளிப் பகையாக மாற்றியது அந்தத் தாள் என்பது என் எண்ணம்.

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குக் கரையில் எல் செரிட்டோ என்ற சிறிய ஊர். 1959இல் அங்கே ஒரே பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மூன்று சிறுவர்கள் ஜான் ஃபோகர்ட்டி, ஸ்டூ குக், டக் க்ளிஃபோர்ட். மூவரும் பிறந்தது 1945இல். ஸ்டூவுக்கும் டக்குக்கும் ஒரே ஒரு நாள்தான் வித்தியாசம். மூவரும் சேர்ந்து 'ப்ளூ வெல்வெட்ஸ்' என்ற குழுவை ஆரம்பித்தார்கள். ஜானின் அண்ணன் டாம் ஏறக்குறைய நான்கு வயது மூத்தவர். அப்போதே பாடகர். தம்பியின் குழுவைத் தனக்குப் பின்னணி வாசிக்க அழைத்துக்கொண்டார். அந்த நாளில் தட்டில் அச்சான பெயரே 'டாமி ஃபோகர்ட்டியும் ப்ளூ வெல்வெட்ஸும்' என்றுதான் இருந்தது.

1964இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த ஃபேன்டஸி ரெக்கார்ட்ஸ் என்ற சிறிய ஜாஸ் நிறுவனம் அவர்களை எடுத்துக்கொண்டது. அவர்களுக்குப் பிடிக்காத 'காலிவாக்ஸ்' என்ற பெயரையும் சூட்டியது. அந்த ஆண்டுகளில்தான் குழுவுக்குள் இடம் மாறியது. ஜானின் குரல் வேறு யாருக்கும் வாய்க்காத குரல். கரகரப்பும் கூர்மையும் ஒன்றாகக் கலந்து, நெடுந்தூரத்துக்குக் கேட்கும் குரல். டாம் அதை உணர்ந்து ஒலிவாங்கியைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தாளக் கிடாருக்கு நகர்ந்தார். ஒரு மூத்தவர் இப்படித் தானாக இறங்கி வருவது எளிய காரியம் இல்லை. இந்தக் கதையை எழுதுகிற பலர் டாமின் அந்தச் செயலைப் போகிற போக்கில் கடந்துவிடுகிறார்கள். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் முன்னால் அதை வைத்துப் பார்க்க வேண்டும்.

1967இல் அந்த நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த சால் ஸேன்ட்ஸ், சில கூட்டாளிகளோடு சேர்ந்து நிறுவனத்தையே வாங்கினார். குழுவுக்குப் புதுப் பெயர் வந்தது, புது ஒப்பந்தமும் வந்தது. நீங்கள் ஜெயித்துவிட்டால் இதைக் கிழித்துப் போட்டுவிட்டு நல்ல ஒப்பந்தம் எழுதிக்கொள்வோம் என்று ஸேன்ட்ஸ் வாக்குக் கொடுத்ததாக ஜான் சொல்லிவருகிறார். குழு ஜெயித்தது. ஒப்பந்தம் கிழியவில்லை.

ஜெயித்தது என்றால் எப்படி! 1969 என்ற ஒரே ஆண்டில் மூன்று முழு ஆல்பங்கள். 'ப்ரவுட் மேரி', 'பேட் மூன் ரைசிங்', 'க்ரீன் ரிவர்', 'ஃபார்ச்சுனேட் சன்' எல்லாம் அந்த ஆண்டின் விளைச்சல். லூசியானாவின் சதுப்பு நிலமும் மிசிசிப்பியின் படகுகளும் வாசம் வீசும் பாட்டுகள். எழுதியவரோ கலிஃபோர்னியாப் பையன். அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் அவர்களுடைய ஐந்து சிங்கிள் தட்டுகள் (ஆல்பம் அல்ல, தனிப்பாட்டுத் தட்டுகள்) இரண்டாம் இடம் வரை ஏறின. சிங்கிள் பட்டியலில் முதலிடம் ஒருபோதும் கிடைக்கவில்லை. அந்த ஆகஸ்டில் உட்ஸ்டாக் இசை விழாவில் நள்ளிரவுக்குப் பிறகு, கூட்டம் பாதி தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் வாசித்தார்கள். வாசித்தது திருப்தியாக இல்லை என்று ஜான் ஆவணப்படத்தில் சேர்க்க அனுமதி மறுத்துவிட்டார். அந்தப் பதிவு முழு ஆல்பமாக வெளிவர 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு பாட்டுக்குள் எத்தனை சொத்து அடங்கியிருக்கிறது என்பது தெரியாமல் மீதிக் கதை விளங்காது. சொல்லும் மெட்டும் ஒரு சொத்து. அதை யார் பாடினாலும், எந்த விளம்பரத்தில் போட்டாலும், அதன் உரிமையாளருக்குப் பணம் போகும். ஸ்டுடியோவில் பதிவான மூலநாடா இரண்டாவது சொத்து. இசைத்தட்டு விற்றால் வருகிற வருமானம் அதன் கணக்கில் சேரும். மூன்றாவது, அந்தத் தட்டு விற்பனையில் பாடியவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும் வருகிற பங்கு. நான்காவதாகக் குழுவின் பெயர். மேடை விளம்பரத்தில் அதை யார் போட்டுக்கொள்ளலாம் என்பதே ஓர் உரிமை. க்ரீடன்ஸ் ஒப்பந்தத்தில் முதல் இரண்டும் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டன. எழுதியவர் என்ற முறையில் ஜானுக்கு ஒரு பங்கு வரும். ஆனால் பாட்டு அவருடையது இல்லை. அதோடு, வருடா வருடம் இத்தனை பாடல்களைப் பதிவு செய்து தர வேண்டும் என்ற கடனும் சேர்ந்திருந்தது. குழு கலைந்தாலும் அந்தக் கடன் ஆளை விடாது.

க்ரீடன்ஸின் வருமானத்தில் ஃபேன்டஸி பெர்க்லியில் பெரிய கட்டடம் எழுப்பியது. க்ரீடன்ஸ் கட்டிய வீடு என்றே அந்தப் பக்கத்தில் அதற்குப் பெயர். ஸேன்ட்ஸ் திரைப்படத் தயாரிப்பில் இறங்கி, 1975, 1984, 1996 ஆண்டுகளின் படங்களுக்காகச் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதை மூன்று முறை வாங்கினார். மூன்றும் நல்ல படங்கள்தான். அவற்றுக்கு அடித்தளமாக இருந்த பணம் யாருடைய தொண்டையிலிருந்து வந்தது என்பதை நினைக்காமல் என்னால் அவற்றைப் பார்க்க முடியவில்லை.

பழியை முழுவதும் ஸேன்ட்ஸ் தலையில் கட்டினால் அது நியாயமாகாது. பாட்டு எழுதுவது, பாடுவது, முதன்மைக் கிடார், இசைக்கோப்பு, தயாரிப்பு, குழுவின் வியாபாரம் வரைக்கும் ஜானே தன் கையில் வைத்துக்கொண்டார். கூட்டம் எவ்வளவு கத்தினாலும் நிகழ்ச்சி முடிந்த பிறகு திரும்ப மேடையேறி இன்னொரு பாட்டு வாசிக்கக் கூடாது என்றும் முடிவு செய்தார். மற்ற மூவருக்கும் அதில் உடன்பாடு இல்லை. வெளியே உலகப் புகழ், உள்ளே மூன்று பேருக்கு வாய் திறக்க இடமில்லை. டாம் 1971 தொடக்கத்தில் விலகினார். ஒரு காலத்தில் தன் பெயரைத் தாங்கிய குழுவில், முதல் ஆல்பத்துக்குப் பிறகு தன் பாட்டு ஒன்றுகூட இடம்பெறாத நிலை எத்தனை நாள் பொறுக்கும்? அதற்குப் பிறகு ஜான் எதிர்த் திசைக்குப் போனார். இனி மூவரும் சமம், ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு எழுதிப் பாட வேண்டும் என்றார். அப்படிப் பிறந்த 1972இன் 'மார்டி க்ரா' ஆல்பத்தை விமர்சகர்கள் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். தண்ணீரில் விட்டுப் பழக்காதவர்களைத் திடீரென்று ஆழத்தில் இறக்கினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. அந்த ஆண்டு அக்டோபரில் குழு கலைந்ததாக அறிவிப்பு வந்தது. உச்சியிலிருந்து தரைக்கு வர மூன்று ஆண்டுகூட ஆகவில்லை.

டாம் ஃபேன்டஸியிலேயே தங்கிவிட்டார். தனி ஆல்பங்கள் போட்டார், 'ரூபி' என்ற குழுவை நடத்தினார். பெரிய வெற்றி வரவில்லை. ஜானின் கண்ணில் அது மன்னிக்க முடியாத காரியம்: தன் கழுத்தில் சுருக்குப் போட்டவனோடு அண்ணன் கூடிக்குலாவுவது. டாமின் பக்கத்திலிருந்து பார்த்தால், ஸேன்ட்ஸ் அவருக்குப் பாட ஓர் இடம் கொடுத்தார். தம்பி கொடுக்காத இடம். 1980 அக்டோபரில் டாமின் திருமணத்தில் நால்வரும் ஒன்றாக வாசித்தார்கள். அதற்குப் பிறகு நால்வரும் சேர்ந்து வாசிக்கவே இல்லை. முதுகு அறுவைச் சிகிச்சையின்போது ஏற்றிய ரத்தத்தின் வழியாக டாமுக்கு எச்ஐவி தொற்று வந்துவிட்டது. ரத்தத்தைச் சோதித்து ஏற்றும் முறை வருவதற்கு முன்பு பலருக்கு நேர்ந்த கொடுமை அது. காசநோயும் சேர்ந்துகொள்ள, 1990 செப்டம்பர் 6 அன்று அரிசோனாவில் இறந்தார். வயது 48. இறுதி நாட்களிலும், ஸேன்ட்ஸ்தான் தன் உற்ற நண்பர் என்று அண்ணன் சொன்னதை ஜான் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். சகோதரர்கள் மனம் ஒன்றாகாமலேயே டாம் போய்ச் சேர்ந்தார்.

இடையில் இன்னொரு இடி. வரியைக் குறைப்பதற்காக ஆலோசகர்கள் சொன்னபடி, குழுவின் சேமிப்பு பஹாமாஸ் தீவில் இருந்த காஸில் வங்கிக்குப் போயிருந்தது. 1977இல் வங்கி மூழ்கியது. நால்வரின் பணமும் அதோடு போயிற்று. ஆலோசகர்கள் மீது போட்ட வழக்கு ஆண்டுக் கணக்கில் இழுத்தது. உலகமே பாடிய பாட்டுகளைத் தந்தவர்கள் முப்பது சொச்சம் வயதில் வெறுங்கையோடு நின்றார்கள்.

ஜான் 1973இல் எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்து 'ப்ளூ ரிட்ஜ் ரேஞ்சர்ஸ்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். முகப்பில் அவர் பெயரே இல்லை. அதற்குப் பிறகு ஃபேன்டஸிக்கு ஒரு பாட்டுகூடக் கொடுக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். அசைலம் நிறுவனம் பெருந்தொகை கொடுத்து வட அமெரிக்க உரிமையை வாங்கிக்கொள்ள, 1975இல் ஒரு தனி ஆல்பம் வந்தது. அடுத்த ஆண்டு செய்த ஆல்பம் தேறாது என்று நிறுவனமே வெளியிடாமல் நிறுத்தியது. அதன் பிறகு ஒன்பது ஆண்டு மௌனம். ஃபேன்டஸியின் பிடியிலிருந்து முற்றிலும் விடுபடுவதற்காக, க்ரீடன்ஸ் தட்டுகளில் பாடகராகத் தனக்கு வரவேண்டிய பங்கையே எழுதிக்கொடுத்துவிட்டார். 1976இல் வந்த 'க்ரானிக்கிள்' என்ற தொகுப்பு மட்டும் அமெரிக்காவில் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. அதில் கேட்கிற குரலுக்கு உரியவர் தன் விடுதலைக்குக் கொடுத்த விலை அது.

1985இல் 'சென்டர்ஃபீல்ட்' வந்தது. முதலிடம் வரை ஏறியது. க்ரீடன்ஸுக்குக் கிடைக்காமல் போன சிங்கிள் முதலிடம் இது அல்ல, ஆல்பங்களின் பட்டியல். ஆனாலும் ஒன்பது ஆண்டு காணாமல் போனவருக்கு அது போதாதா? ஸேன்ட்ஸை மறைமுகமாகத் தாக்கும் பாட்டும் அதில் இருந்தது. அவதூறு வழக்கு வந்தது. பாட்டின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றினார்கள். பின்னர் அது சமரசத்தில் முடிந்தது. இரண்டாவது வழக்குதான் இசைச் சட்டத்தின் வரலாற்றில் நிலைத்துவிட்டது. ஆல்பத்தின் முதல் பாட்டான 'தி ஓல்ட் மேன் டவுன் தி ரோட்', 1970இல் க்ரீடன்ஸ் பாடிய 'ரன் த்ரூ தி ஜங்கிள்' பாட்டின் நகல் என்று ஃபேன்டஸி வழக்குப் போட்டது. இரண்டையும் எழுதியவர் ஒரே மனிதர். ஆனால் பழைய பாட்டின் உரிமை ஃபேன்டஸியிடம் இருந்ததால், சட்டத்தின் கண்ணில் ஜான் வேறொருவர் தோட்டத்துக்குள் நுழைந்தவர் ஆகிறார். தன் வீட்டை விற்றவன் அதே மாதிரி இன்னொரு வீடு கட்டினால் அது திருட்டா என்பதுதான் கேள்வி.

1988இல் சான் ஃபிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் ஜான் கிடாரோடு சாட்சிக் கூண்டில் ஏறினார். முன்னால் நடுவர் குழு, சாதாரணக் குடிமக்கள். ஒரு பாட்டின் துண்டை வாசித்தார், நிறுத்தினார், அடுத்ததை வாசித்தார். இந்த ஒலி எங்கிருந்து வருகிறது, தன் விரல்கள் எப்படிப் போகின்றன, எது பழைய ப்ளூஸ் இசையின் பொதுச்சொத்து, எது அந்தப் பாட்டுக்கு மட்டும் உரியது என்று விளக்கினார். ஒரு மனிதர் தன் சாயலில் பாடுவதற்குத் தனக்கு உரிமை உண்டு என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. இதற்குமேல் ஓர் இசைக்கலைஞனுக்கு என்ன சோதனை வர வேண்டும்? நடுவர் குழு அவர் பக்கம் நின்றது.

வழக்குச் செலவு பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. அதைத் தோற்றவரிடம் கேட்டபோது கீழ் நீதிமன்றங்கள் மறுத்தன. வழக்குப் போட்டவர் ஜெயித்தால் செலவு எளிதில் கிடைக்கும். எதிர்த்து நின்றவர் ஜெயித்தால், அந்த வழக்கே அற்பமானது அல்லது கெட்ட எண்ணத்தோடு போடப்பட்டது என்று காட்ட வேண்டும். அந்த வட்டாரத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் பின்பற்றிய வழக்கம் அப்படி இருந்தது. ஜான் விடவில்லை. 1994 மார்ச் 1 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், இரு தரப்புக்கும் ஒரே அளவுகோல்தான் என்று தீர்ப்பளித்தது. பதிப்புரிமையின் எல்லை எதுவரை என்று தெளிவாக்கும் எதிர்வாதமும் சமூகத்துக்குப் பயன் தருவதுதான் என்பது அதன் காரணம். செலவுத் தொகையாக 13 லட்சம் டாலருக்கு மேல் ஜானுக்குக் கிடைத்தது. இன்றும் பதிப்புரிமை வழக்குகளில் செலவு பற்றிய பேச்சு எழுந்தால் 'ஃபோகர்ட்டி எதிர் ஃபேன்டஸி' என்ற பெயர் வந்துவிடுகிறது.

இத்தனை காலமும் அவர் மேடையில் க்ரீடன்ஸ் பாட்டுகளைப் பாடவில்லை. பாடினால் ஸேன்ட்ஸுக்குப் பணம் போகும் என்ற வைராக்கியம். 1987 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு சிறிய அரங்கில் பாப் டிலனும் ஜார்ஜ் ஹாரிசனும் கூடியிருந்தபோது, நீ 'ப்ரவுட் மேரி' பாடாவிட்டால் அது பாடகி டினா டர்னரின் பாட்டு என்றுதான் உலகம் நினைக்கும் என்ற பொருளில் டிலன் சொன்னாராம். அன்று பாடினார். அதே ஆண்டு ஜூலை 4 அன்று வியட்நாம் போர்வீரர்களுக்கான நிகழ்ச்சியில் பழைய பாட்டுகளை வரிசையாகப் பாடினார். போருக்கு அனுப்பப்பட்ட ஏழை வீட்டுப் பிள்ளைகளின் கோபத்தைச் சொன்னது 'ஃபார்ச்சுனேட் சன்'. அந்தப் பிள்ளைகள் முன்னால் அதைப் பாடாமல் எப்படி இருப்பது?

ஸ்டூவும் டக்கும் பிரியவே இல்லை. பதின்மூன்று வயதில் தொடங்கிய கூட்டு. 1976இல் டான் ஹாரிசன் குழுவில் இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். பிறகு ஸ்டூ 'சதர்ன் பசிஃபிக்' என்ற நாட்டுப்புறப் பாணிக் குழுவில் இருந்தார். 1993 ஜனவரியில் ராக் இசையின் புகழ்மண்டபத்தில் க்ரீடன்ஸைச் சேர்த்தபோது, இருபது ஆண்டுக்குப் பிறகு ஒரே மேடை என்ற ஆசையோடு இருவரும் வந்தார்கள். டாமின் மனைவி, கணவரின் அஸ்திக் கலசத்தோடு வந்திருந்தார். அவர்களோடு வாசிக்க மாட்டேன் என்று ஜான் சொல்லிவிட்டார். புரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீனும் ராபி ராபர்ட்சனும் சேர்ந்துகொள்ள அவர் க்ரீடன்ஸ் பாட்டுகளைப் பாடினார். ஸ்டூவும் டக்கும் அரங்கை விட்டு வெளியேறினார்கள். ஜானின் காயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தக் கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்த இரவில் அவர் இறங்கி வந்திருக்க வேண்டும். டாம் ஒருமுறை இறங்கி வந்தாரே.

1995இல் ஸ்டூவும் டக்கும் 'க்ரீடன்ஸ் க்ளியர்வாட்டர் ரீவிசிட்டட்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். முதலில் தனியார் விருந்துகளுக்கு மட்டும் என்று இருந்தது. கேட்க வந்த கூட்டத்தைப் பார்த்துப் பெரிய அரங்குகளுக்கு விரிந்தது. பெயருக்காக ஜான் வழக்குப் போட்டார். தடையுத்தரவு வந்து, சில காலம் வேறு பெயரில் வாசித்தார்கள், பழைய பெயர் திரும்பக் கிடைத்தது, 2001இல் உடன்பாடு, 2014இல் அந்த உடன்பாட்டை மீறியதாக இவர்கள் ஜான் மீது வழக்கு. இத்தனைக்கும் நடுவில், பள்ளிக்கூடத்தில் கற்ற அதே தாளத்தை உலகம் முழுக்க வாசித்துக் கால் நூற்றாண்டு ஓட்டிவிட்டு 2020இல் ஓய்ந்தார்கள். பாடகர் வேறு, பாட்டு அதே. காசு கொடுத்து வந்தவர்கள் ஏமாந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பாட்டுகளின் முதுகெலும்பு இந்த இருவரின் பேஸ் கிடாரும் டிரம்ஸும்தான்.

2004இல் ஃபேன்டஸியை கான்கார்ட் நிறுவனம் வாங்கியது. ஜான் எழுதிக்கொடுத்திருந்த பாடகர் பங்கை புதிய நிர்வாகம் தானாகவே திருப்பிக் கொடுத்தது. அடுத்த ஆண்டே அவர் ஃபேன்டஸி முத்திரையோடு ஆல்பம் வெளியிட்டார். ஸேன்ட்ஸ் 2014 ஜனவரியில் 92 வயதில் காலமானார். 2023 ஜனவரியில், தன் க்ரீடன்ஸ் பாடல்களின் உலக உரிமையில் பெரும்பான்மைப் பங்கை ஜான் வாங்கிவிட்டதாக அறிவிப்பு வந்தது. கையெழுத்திட்டு ஐம்பத்தைந்து ஆண்டு. அவருக்கு வயது 77.

ஆனால் அவர் வாங்கியது முதல் சொத்தை மட்டும். மூலநாடாக்கள் இன்னும் கான்கார்டிடம் இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் அவர் பழைய பாட்டுகள் இருபதை மறுபடியும் புதிதாகப் பாடி, 'ஜானின் வடிவம்' என்று ஒவ்வொன்றின் பெயரோடும் சேர்த்து வெளியிட்டார். மகன்கள் ஷேனும் டைலரும் அதில் உடனிருக்கிறார்கள். புதிய பதிவிலும் குரல் அவருடையதுதான். பழையதில் டக்கின் டிரம்ஸும் ஸ்டூவின் பேஸ் கிடாரும் ஓடிக்கொண்டிருக்க, இடையில் நிறுத்தாமல் ஒரு தாளக் கிடார் போய்க்கொண்டே இருக்கும். அது டாம். அந்தக் கிடார் அந்த நாடாவில் மட்டும்தான் இருக்கிறது.